செவ்வந்திப் பாத்தியும் பங்களா வெளிச்சமும்

அந்த வருடம் எங்கள் வீட்டுச் செவ்வந்தி பூக்கவில்லை. அதற்கு என் தம்பியின் மனைவிதான் காரணம் என்று தோட்டமே சேர்ந்து முடிவு கட்டிவிட்டது. இன்றைக்கு அதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

விசயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நானுஓயாவிலிருந்து வேனில் ஏறினால் சில வளைவுகளில் வந்துவிடும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அங்கே மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர்ப் பூ கொடுப்பது முறை வைத்து வரும். ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பம். கடையில் வாங்கிக் கொடுக்க முடியாது. முறைக்காரக் குடும்பம் தன் பாத்தியில் தானே வளர்த்த செவ்வந்தியைக் கொடுக்க வேண்டும். தேர் புறப்படும்போது அந்த வீட்டு மருமகள் பூத்தட்டை ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். அந்த ஒரு நாள் அவளுக்கு வழிவிட்டுத் தோட்டம் முழுக்க ஒதுங்கி நிற்கும்.

என் தம்பி மனைவி உடப்புசல்லாவை என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்து இரண்டு வருடம். தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். இவள் கொழுந்து எடுக்கப் போவாள், என் அம்மாவைப் பார்த்துக்கொள்வாள், நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும்போது தேத்தண்ணி வைத்திருப்பாள். யாரும் அவளை எதிலும் முன்னால் நிறுத்தியது இல்லை. அந்த வருடம் பூமுறை எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்ததும் மஞ்சளில் சிவப்புக் கரை வைத்த சேலை ஒன்று எடுத்து, பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டாள். பூ இன்னும் நடவே இல்லை. சேலை தயாராகிவிட்டது.

வழக்கமாக எங்கள் பாத்தி லயத்துக்குப் பின்னால், ஓடைப் பக்கமாக இருக்கும். அங்கே காட்டுப் பன்றித் தொல்லை. முந்தின வருடம் முறைக்காரர்களின் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுபோட்டது. அதனால் அவள் யோசித்து, லயத்துக்கு மேலே இருக்கிற சரிவில் புதிதாகப் பாத்தி கட்டினாள். அந்த இடத்தில் பன்றி வராது. ஏனென்றால் அங்கே வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டில் இருக்கும் பழைய துரை பங்களாவை யாரோ எடுத்து ஹோட்டலாக்கிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, ராத்திரியிலும் தேயிலை மலையைப் பார்த்து ரசிக்க வேண்டுமாம். அதற்காகக் கம்பம் நட்டு, சரிவைப் பார்த்துப் பெரிய விளக்கு போட்டிருந்தார்கள். பொழுது சாயும்போது எரியத் தொடங்கினால் விடியும்வரை எரியும். எங்கள் லயத்துக்காரர்களுக்கு அதில் சந்தோசம்தான். பன்றி வருவதில்லை, பெண்கள் பொழுதுபட்டு வெளியே போனால் பயமில்லை. நூறு வருடத்துக்கு மேலாகப் பங்களாவிலிருந்து எங்கள் பக்கம் வந்த முதல் நன்மை என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

கார்த்திகையில் நாற்று நட்டாள். கொஞ்சம் வளர்ந்ததும் எல்லாச் செடிக்கும் நுனியைக் கிள்ளிவிட்டாள். தேயிலையில் தினமும் செய்கிற காரியம்தானே. செடியின் நுனி ஒட்சின் என்ற ஓமோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை பக்கத்து மொட்டுகள் தலை தூக்காது. நுனி போய்விட்டால் பக்கமெல்லாம் கிளைக்கும். கிளை கூடினால் பூ கூடும். நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவதை அவள் விரலால் செய்து முடித்திருந்தாள். செடிகள் குப்பென்று தழைத்தன. பனி விழுந்த காலையில்கூட இலை கருகாமல் பார்த்துக்கொண்டாள்.

மாசி பிறந்தது. செடி இடுப்பளவு. இலை கரும்பச்சை. ஒரு மொட்டுக்கூட இல்லை.

மொட்டே இல்லை என்று சொன்னால் தப்பு. பாத்தியின் மேல் மூலையில் நாலைந்து செடிகளில் மட்டும் மொட்டு வைத்து, அதில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் வெறும் இலை. உரம் கூடிவிட்டது என்றார்கள் சிலர். கிள்ளியது தப்பு என்றார்கள் சிலர். பிறகு கோயில் தலைவர் வந்தார். கூடவே நாலு பேர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இருந்திருந்தால் அன்றைக்கே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

தலைவர் பாத்தியைச் சுற்றி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாராம்.

"ஏம்மா, தினமும் நீதான் தண்ணி ஊத்துனியா?"

"ஆமாங்க."

"எல்லா நாளுமா?"

அவள் புரிந்துகொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். தோட்டத்தில் எல்லாப் பெண்களும் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் காலம் தள்ளுகிறார்கள். இவள் சொன்னாள்: "நான் ஊத்தாட்டி யாருங்க ஊத்துவா? அத்தைக்கு முழங்கால் முடியாது. அண்ணி பள்ளிக்கொடம் போயிருவாங்க. எல்லா நாளும் நான்தான் ஊத்துனேன்."

அவ்வளவுதான். அவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தீட்டு நாளில் சாமிப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், அம்மன் மொட்டை அடைத்துவிட்டாள். அப்படியென்றால் மேல் மூலையில் மட்டும் ஏன் மொட்டு வந்தது? அதற்கும் தலைவர் பதில் வைத்திருந்தார்: "அந்த மூலையில இந்தப் புள்ள காலு படல."

மாதாமாதம் அதே உடம்போடு மலையேறி எங்கள் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். மழையானாலும் அட்டை கடித்தாலும் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வயிற்றுவலி என்று உட்கார ஒரு கல்கூட இல்லை. அந்தக் கை பட்ட தேயிலை உலகம் முழுக்கப் போகிறது, எந்த நாட்டிலும் தேத்தண்ணி கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. எங்கள் தோட்டத்துச் செவ்வந்திக்கு மட்டும் அந்தக் கை ஆகாது. இதை நான் தலைவரின் முகத்துக்கு நேரே கேட்டேன். "டீச்சர், வார்த்தைய அளந்து பேசுங்க" என்றார். நான் அளக்கவில்லை.

தீர்ப்பு இதுதான். பூவைக் கடையில் வாங்குவார்கள். தட்டைத் தலைவரின் மருமகள் ஏந்துவாள். எங்கள் வீட்டுப் பெண் பாத்திப் பக்கமும் போகக் கூடாது, தேர்ப் பக்கமும் வரக் கூடாது. அதோடு விட்டார்களா? பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: "ரெண்டு வருசமா வயித்திலயும் ஒண்ணும் காணல. கைராசி இல்லாதவன்னு இப்பதான தெரியுது." இவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதைவிட மோசம் வீட்டுக்குள் நடந்தது. தம்பி கொழும்பிலிருந்து போன் பண்ணினான். யாரோ அதற்குள் அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். "திருவிழா முடிஞ்சதும் கொஞ்ச நாளைக்கு அவங்கம்மா வீட்ல போயி இருக்கட்டும்க்கா. பரிகாரம் ஏதாவது பண்ணிட்டு அப்பறம் கூட்டிக்கலாம்" என்றான். அம்மாவும் தலையை ஆட்டினாள். கொஞ்ச நாளைக்கு என்று அனுப்பப்பட்டு, வருடக்கணக்காகத் தாய்வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற பெண்களை இந்த மலையில் எனக்கு நிறையத் தெரியும். அவளுக்கும் தெரியும். அடுப்பங்கரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன பண்ணுனேன் அண்ணி?" என்றாள். நான் எழுந்து பாத்திக்குப் போனேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. செடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பூச்சி இல்லை, நோய் இல்லை. மொட்டு வைத்த மூலைக்கு வந்து குனிந்தபோது பங்களா விளக்கு எரியத் தொடங்கியது. என் கண் கூசியது. ஒரு அடி நகர்ந்தேன், கூசவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எனக்கும் விளக்குக்கும் நடுவில் லயத்துத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் நிழல் பாத்தியில் விழுந்திருந்தது. நிழல் எங்கே தொடங்குகிறதோ அங்கே மொட்டு தொடங்குகிறது. நிழல் முடிகிற இடத்தில் மொட்டும் முடிகிறது. வெளியே நின்ற செடியின் ஒரு கிளை மட்டும் நிழலுக்குள் நீண்டிருந்தது, அதன் நுனியில்கூட மொட்டு இருந்தது.

அந்த இடத்திலேயே நின்று வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று கேட்டால், எல்லோரையும்தான்.

செவ்வந்தி குறுநாள் தாவரம், பகல் குறைந்தால் பூப்பது. பெயர்தான் அப்படி, உண்மையில் அது எண்ணுவது பகலை இல்லை, இரவை. இருட்டு எவ்வளவு நேரம் இடைவிடாமல் இருக்கிறது என்று இலை கவனித்துக்கொண்டிருக்கும். அதற்கென்று இலைக்குள் ஒரு நிறப்பொருள் இருக்கிறது. போதுமான இருட்டுக் கிடைத்தால், 'பூக்கலாம்' என்று சொல்லும் ஓமோனை இலை உண்டாக்கித் தண்டு வழியாக நுனிக்கு அனுப்பும். நுனி அதைப் பெற்றதும் இலை போடுவதை நிறுத்திவிட்டு மொட்டு வைக்கும். எங்கள் நாட்டில் வருடம் முழுக்க இரவு நீளம்தான். செவ்வந்திக்குக் குறையே இல்லை. ஆனால் இரவெல்லாம் விளக்கைப் போட்டு வைத்தால்? செடிக்கு இரவு வரவே இல்லை. பாவம், அது பொழுது சாயட்டும் என்று காத்துக்கொண்டு இலை மேல் இலையாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் முதல் வேலையாகப் பங்களாவுக்குப் போனேன். மேலாளர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீச்சர், பூவுக்காக விளக்கை அணைத்தேன் என்று நான் முதலாளியிடம் சொல்ல முடியுமா?" என்று சிரித்தார். விளக்கைக் கொஞ்சம் திருப்பியாவது வைக்கலாமே என்றேன். விருந்தாளிகளுக்கு அந்தச் சரிவுதான் அழகு என்றார். அந்தச் சரிவில்தான் எங்கள் பாத்தி இருந்தது, எங்கள் கக்கூஸ் இருந்தது, எங்கள் துணி காய்ந்தது.

அங்கிருந்து நேரே தலைவர் வீடு. தொட்டி நிழலைப் பற்றிச் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார், அதை மறுக்க மாட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதே வெளிச்சத்துல ஒங்க வாசல் ரோசா பூக்குதே டீச்சர்?"

"ரோசா இருட்டப் பாக்காது. செவ்வந்தி பாக்கும்."

"ஓ... செடிக்குச் செடி வேற சட்டமா?"

"ஆமா, வேற சட்டந்தான்."

"புஸ்தகத்துல உள்ளதெல்லாம் சோதனைக்குச் சரி டீச்சர். சாமி காரியத்துல போடாதீங்க."

சோதனைதானே, செய்து காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் போனில் தம்பியிடமும் ஒரே வார்த்தையில் சொன்னேன்: பாத்தி பூக்கிறதா இல்லையா என்று தெரிகிறவரைக்கும் இவள் எங்கேயும் போக மாட்டாள். தம்பி ஏதோ முனகினான். என் சம்பளத்தில் படித்தவன், முனகுவதோடு நிறுத்திக்கொண்டான். கூரை ஒழுகுகிற இடத்துக்குப் போடுவதற்கென்று வாங்கிவைத்த கறுப்புப் பொலித்தீன் இருந்தது. மூங்கில் கம்புகளை வளைத்து ஊன்றி, பாத்தியின் கீழ்ப் பாதியை மட்டும் மூடுகிற மாதிரிக் கூடாரம் போட்டோம். தினமும் விளக்கு எரிவதற்கு முன்னால் மூட வேண்டும், காலையில் திறக்க வேண்டும். மேல் பாதி அப்படியே வெளிச்சத்தில் கிடக்கட்டும்.

"நீதான் மூடணும். நீதான் தெறக்கணும். தண்ணியும் நீதான் ஊத்தணும்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "அந்த நாள்லயுமா அண்ணி?"

"அந்த நாள்லதான் கண்டிப்பா."

"பூக்காமப் போச்சுன்னா?"

"பூக்கும் புள்ள."

"இல்ல அண்ணி, பூக்காமப் போச்சுன்னா என்னய அனுப்பிருவாங்க." அவளே மறுபடியும் கேட்டாள்: "வெளிச்சந்தான் காரணம்னா, அந்த எடத்துல பாத்தி கட்டுனது நான்தான? அப்பவும் எம்மேலதான தப்பு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கம்பை ஒடித்தேன். எப்படிச் சுற்றினாலும் தன் தலையில்தான் வந்து விழும் என்று ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். "வெளக்கு போட்டவன் எவனும் இப்பிடி ஒக்காந்து அழல. நீ ஏன் அழுவுற?" என்று கத்தினேன். அவளிடம் கத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து பொலித்தீனை இழுத்து மூடினாள்.

திருவிழா வந்தது. தம்பியும் வந்தான். தேருக்கு நுவரெலியாப் பக்கத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் செவ்வந்தி வந்து இறங்கியது. தலைவரின் மருமகள் தட்டை ஏந்தினாள். அந்தப் பெண்ணின் மீது எனக்கு வருத்தம் இல்லை, அவள் என்ன செய்வாள். ஆனால் அந்தப் பூவைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பொலித்தீன் வீட்டில் பூ வளர்க்கிறவர்கள், தங்களுக்கு வேண்டிய நேரம் வருகிறவரை செடி பூக்காமல் இருப்பதற்காக ராத்திரியில் வரிசையாகப் பல்பு எரிய விடுவார்கள். பிறகு பல்பை அணைப்பார்கள், மொத்தமாகப் பூக்கும். வியாபாரம் அது. ஆக, தேரில் ஏறின பூவும் விளக்கு வைத்து நிறுத்தப்பட்ட பூதான். அங்கே அது தொழில், எங்கள் வீட்டில் அது தீட்டு.

அவள் தேர் பார்க்க வரவில்லை. மேளச் சத்தம் லயத்தைக் கடக்கும்போது பாத்திக்குப் போய்ப் பொலித்தீனை மூடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை பெட்டியிலேயே இருந்தது.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் அவள் கத்திய கத்தலில் என் கையிலிருந்த தேத்தண்ணி சிந்திவிட்டது. ஓடினேன். மூடின பாதியில் கிளைக்குக் கிளை மொட்டு, மிளகு அளவில். மேல் பாதியில் தொட்டி நிழலை விட்டால் பழையபடி வெறும் இலைதான். இடையில் அவளுக்கு அந்த நாட்களும் வந்துபோயிருந்தன. அன்றும் அவள்தான் மூடினாள், அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினோம். அம்மா ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இவள் கன்னத்தைத் தடவி, "எனக்கு என்னத்தாயி தெரியும்" என்றாள். அவளை உடப்புசல்லாவைக்கு அனுப்புகிற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது.

மொட்டு விரிந்தபோது பாதிப் பாத்தி மஞ்சளாகவும் பாதி பச்சையாகவும் நின்றது. கத்தியால் கோடு கிழித்தது போலிருந்தது. மலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பீலியடியில் பேசினவளும் வந்தாள். "நல்லாப் பூத்திருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை தலைவர் வந்தார். கையில் பிரம்புக் கூடை. முகத்தில் நல்ல சிரிப்பு. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வைக்கத் தயாரானேன்.

"பாத்தீங்களா டீச்சர், அம்மன் மனசு எறங்கிட்டா" என்றார். "மன்னிச்சிட்டா. இன்னைக்குப் பூசைக்கு இந்தப் பூவத்தான் வைக்கணும்னு கமிட்டியில பேசியிருக்கு."

பொலித்தீன் அவர் கண்ணெதிரே மடித்துக் கிடக்கிறது. மஞ்சளும் பச்சையும் கண்ணெதிரே நிற்கிறது. அவர் கூடையை என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்களே பறிச்சுக் குடுத்திருங்க டீச்சர். அந்தப் புள்ள வேணாம்."

தாழ்த்தினாலும் கேட்காமலா போகும். அவள் பாத்திக்குள்தான் நின்றாள். வந்தாள். என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். பெரிய பூவாகப் பார்த்து, காம்பு நீளம் வைத்து, ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். அவசரமே இல்லை. கொழுந்து எடுக்கிற கை, கூடை சீக்கிரம் நிறைந்துவிட்டது. மேலே வந்து தலைவருக்கு முன்னால் நீட்டினாள்.

"இன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாளுங்க" என்றாள். "அம்மன் மன்னிச்சிட்டான்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

தலைவரின் கை பாதி தூரம் வந்து நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கைகள் இரண்டும் மெதுவாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. "சரி டீச்சர், நான் வர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கூடையைக்கூட எடுக்கவில்லை.

அவள் கூடையைத் திண்டில் வைத்தாள். அதிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். மிச்சத்தை அன்று மலைக்குப் போகும் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். சிலர் வாங்கவில்லை, நிறையப் பேர் வாங்கினார்கள். பீலியடிக்காரி இரண்டு கேட்டாள்.

பங்களா விளக்கு இன்றும் எரிகிறது. அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீட்டில் அவள் இல்லை. சரிவில் ஏறிப் பார்த்தேன். மஞ்சள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூங்கில் கம்புகளைப் பிடுங்கி, பாத்தியின் பூக்காத மேல் பாதியில் ஊன்றிக்கொண்டிருந்தாள்.